செருப்பைத் தேய்க்கிற நடை

நடக்கச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற சிவக்கொழுந்து, அன்று காலை ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரைக் கீழே தள்ளினார். தள்ளினார் என்பது கொஞ்சம் அநியாயம். விட்டுவிட்டார். இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே மேலாளரை நிறுத்தி, அக்குளில் கைகொடுத்துப் பிடித்தபடி, "பயப்படாதீங்க சார், நான் இருக்கேன்ல" என்று சொல்லி வாய் மூடவில்லை, இரண்டு கையும் தானாகக் கழன்றுகொண்டன. பாய்ந்து பிடிக்கப் போனதில் அகப்பட்டது வேட்டி மட்டும். மேலாளர் மெத்தைமேல் பத்திரமாகப் போய் விழுந்தார். வேட்டி சிவக்கொழுந்தின் கையில் பத்திரமாக இருந்தது.

பயிற்சிக் கூடத்தில் இருந்த அத்தனை முழங்கால்காரர்களும் வலியை மறந்து திரும்பிப் பார்த்தார்கள். சிவக்கொழுந்து மட்டும் மேலாளரைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிற்கும்போது கை சும்மா இருக்காமல் வேட்டியை இரண்டாக மடித்தது.

"யோவ், வேட்டியை அப்புறம் மடிக்கலாம். முதல்ல ஆளைத் தூக்குய்யா!"

அப்படி அதட்டியபடி வாசலில் நின்றது ஒரு பெண்மணி. அறுபது வயது தாண்டியிருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். காலில் ரப்பர் செருப்பு. காவல்துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற ரஞ்சிதம். வலது முழங்காலை மாற்றிப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல் பரிசோதனைக்கு வந்திருந்தார்.

அவர் வந்து நின்றதற்குச் சற்று முன், வராந்தாவில் ஒரு காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கால் 'டக்'கென்று விழுகிறது. மறு கால் குதிகாலைத் தரையில் லேசாகத் தேய்த்துக்கொண்டு 'சர்ர்' என்று வருகிறது. திரும்புகிற இடத்தில் அந்தச் 'சர்ர்' கொஞ்சம் நீள்கிறது. சிவக்கொழுந்தின் கையை உதறவைத்தது அதுதான். வாரம் ஏழு நாளும், அவர் வீட்டு மாடிப்படியில் இருபது வருஷத்துக்குமேல் கேட்ட சத்தம். அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரனான அவருடைய மகன் இளம்பரிதி செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"என்ன ஆச்சு கொழுந்து சார்?" என்று பின்னால் வந்து கேட்டார் டாக்டர் ஹெப்சிபா. அங்கே நடக்கிற மூட்டு மாற்று ஆராய்ச்சியின் தலைவர் அவர்தான். வயது நாற்பதுக்குள். எந்தக் கேள்விக்கும் 'இருக்கலாம்' என்று ஆரம்பித்துப் பதில் சொல்வார்.

"கை வழுக்கிடுச்சு மேடம்."

"வேட்டியைக் கொடுத்துடுங்க. அவர் ரொம்ப நேரமா கை நீட்டிக்கிட்டு இருக்கார்."

திருச்சியிலிருந்து மதுரை போகிற பைபாஸ் சாலையில் இருக்கிற அந்த எலும்பு மூட்டு ஆராய்ச்சி மருத்துவமனையில், சிவக்கொழுந்துக்கு 'நடை ஆய்வுக் கூட நிபுணர்' என்று பெயர்ப் பலகை உண்டு. நிபுணருக்கே இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய் நாலைந்து வருஷமாகிறது. வாத்து மாதிரி அசைந்து அசைந்துதான் நடப்பார். நோயாளிகள் அவர் நடையைப் பார்த்துவிட்டு, "இவர்கிட்டயா நாங்க நடக்கக் கத்துக்கணும்?" என்று தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் விழும். "என்னை மாதிரி நடக்காதீங்க, அவ்வளவுதான் பாடம்" என்பார்.

கூடத்தில் ஒரு நீளமான ரப்பர் தரை இருந்தது. மேலே நடந்தால், எந்தப் பாதம் எங்கே எவ்வளவு அழுத்துகிறது, முழங்கால் எப்படி மடங்குகிறது என்று அத்தனையையும் அடியில் இருக்கிற கருவிகள் பதிந்துகொள்ளும். ரஞ்சிதத்தை அதில் நடக்கவிட்டார்.

டக். சர்ர். டக். சர்ர்.

சிவக்கொழுந்து திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"தூங்குறீங்களா?" என்றார் ரஞ்சிதம்.

"இல்லை மேடம். கவனிக்கிறேன்."

"கண்ணை மூடிக்கிட்டுக் கவனிக்கிறவங்களை நான் ராத்திரி ரோந்துல நிறையப் பார்த்திருக்கேன். அது கிடக்கட்டும், ஒண்ணு கேட்கணும். என் நடை எங்கய்யா போச்சு?"

"என்ன மேடம்?"

"நான் நடந்தா ஸ்டேஷன்ல பெஞ்சு தானா நேராகும். முப்பது வருஷ நடை. என் வீட்டுக்காரர், நான் தெருமுனையில வர்றப்பவே டிவியை அணைச்சுட்டு நிமிர்ந்து உட்காருவார். இப்ப ஆஸ்பத்திரியிலிருந்து போய் நேரா அவர் முன்னாடி நிக்கிறேன், மனுஷன் அசையலை. கொரியர் பையன்னு நினைச்சாராம்! கையெழுத்துப் போடப் பேனா தேடினார்யா!"

சிவக்கொழுந்துக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி சொன்னாங்களே மேடம், நடைவிதைன்னு."

"இங்கிலீஷ்ல சொன்னாங்க. நானும் போலீஸ்காரி மாதிரித் தலையை ஆட்டினேன். தமிழ்ல சொல்லு."

சொன்னார். மூட்டு மாற்றியவர்களுக்கு வலியைவிடப் பயம்தான் பெரிய வியாதி. கால் ஊன்றப் பயந்து மாதக்கணக்கில் படுத்தே கிடப்பார்கள். அதனால் புது மூட்டின்மேல் ஒரு மெல்லிய தகடு வைத்துப் பார்க்கிறார்கள். நன்றாக நடக்கத் தெரிந்த ஒருவரின் நடை அந்தத் தகட்டில் பதிந்திருக்கும். எப்போது தூக்குவது, எப்போது ஊன்றுவது என்று சின்னச் சின்ன மின்துடிப்பாகத் தசைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கால் பயப்பட நேரமே இருக்காது.

"அப்ப வேற யாரோ என் கால்ல நடக்கிறாங்க."

"பாதிப் பேருக்குத்தான் மனுஷங்க நடை. மீதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்ட நடை. எது நல்லா வேலை செய்யுதுன்னு பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியக் கூடாது."

"ஏன்?"

"தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாய்ஞ்சிடும்."

இதைச் சொல்லும்போது சிவக்கொழுந்தின் மனது ஏற்கெனவே ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஏறக்குறையப் படுத்தே விட்டிருந்தது.

அந்த மனித நடைகள் எங்கிருந்து வந்தன என்பது அவருக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் இந்தத் தரை வந்து இறங்கியபோது, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் ஏறி நடந்தவரே அவர்தான். அப்போது முழங்கால் நன்றாக இருந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி மேலும் கீழும் நடந்து காட்டினார். ஆனால் ஒருவர் நடை போதுமா? நல்ல கால்கள் நிறைய வேண்டும். வெளியாட்களைக் கூப்பிட்டு, புரியவைத்து, வரவழைப்பது பெரிய வேலை. உலகத்தில் நடை ஆய்வுக் கூடம் வைத்திருக்கிற எல்லோரும் செய்வதையே அவர்களும் செய்தார்கள். நர்ஸ், வாட்ச்மேன், கேன்டீன்காரர், அவரவர் வீட்டு ஆட்கள் என்று சம்மதித்தவர்களை எல்லாம் நடக்கவிட்டார்கள். சிவக்கொழுந்து தன் மகனைக் கூட்டிவந்தார்.

பரிதி அப்போது கல்லூரியில் முதல் வருஷம். ரப்பர் தரையில் ஏறி, "அப்பா, இதுல நடந்தா பிரியாணி உண்டுன்னு சொன்னீங்க" என்று கத்திக்கொண்டே நடந்தான்.

"செருப்பைத் தேய்க்காம நடடா. யாரைப் பார்த்துடா இப்படிக் கத்துக்கிட்ட?"

வீட்டிலும் தினம் இதே ஏச்சுதான். அவர் இப்படிக் கேட்கும்போதெல்லாம் அடுப்படியில் அவர் மனைவி வசுமதி தனியாகச் சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை.

அரியமங்கலம் பக்கம் ஒரு லாரி அவனை அடித்துப் போட்ட மத்தியானம், அவசரப் பிரிவு வாசலில் நின்று, "என் பையன் உயிரோட இருக்கானா?" என்று மட்டும்தான் சிவக்கொழுந்து கேட்டார். "பார்த்துக்கிட்டு இருக்கோம் சார்" என்றார் ஒருவர். "பெரிய டாக்டர் வந்துக்கிட்டு இருக்கார்" என்றார் இன்னொருவர். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. அவர்கள்மேல் அவருக்குக் கோபமில்லை. தானும் எத்தனையோ பேரிடம் "சரியாயிடும், ஓட ஆரம்பிச்சிடுவீங்க" என்று சொன்னவர்தான். ஆஸ்பத்திரியில் நேரான பதில் என்பது கையிருப்பில் இல்லாத மருந்து மாதிரி. எல்லோரும் கேட்பார்கள். யாருக்கும் கிடைக்காது.

ரஞ்சிதம் நடந்து முடித்ததும் சிவக்கொழுந்து திரையைப் பார்த்தார். வலது முழங்காலின் உள் விளிம்பில் ஒவ்வொரு 'சர்ர்'ருக்கும் சிவப்புக் கோடு ஒன்று எழுந்தது. குதிகாலை இழுக்கும்போது உலோகமும் உலோகமும் உரசுகிறது. இப்படிச் சிவப்பு வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். டாக்டர் ஒரு கருவியை முழங்கால்மேல் வைத்துத் தகட்டில் இருக்கிற நடையை அழித்துவிட்டு, கம்ப்யூட்டர் நடையைப் பதிப்பார். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற நேரம்கூட ஆகாது.

சிவக்கொழுந்து சொல்லவில்லை.

பொய்யும் எழுதவில்லை. நடை ஆய்வில் ஒருவரைப் பல தடவை நடக்கவிடுவார்கள். தடுமாறியது, கேமராவைப் பார்த்து விறைத்துக்கொண்டது எல்லாவற்றையும் கழித்துவிட்டு, சுத்தமாக வந்த நடைகளை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். எது சுத்தம் என்று தீர்மானிப்பது கூடத்துக்காரரின் கண். "மேடம், கொஞ்சம் காலைத் தூக்கி வச்சு நடங்க" என்றார். போலீஸ்காரி, கட்டளைக்குப் பழகியவர், தூக்கி வைத்து நடந்தார். சிவப்பு வரவில்லை. அவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட்டார். முப்பது வருஷ அனுபவத்தில் இவ்வளவு நேர்த்தியாக அவர் எதையும் செய்ததில்லை.

கிளம்பும்போது ரஞ்சிதம் கேட்டார்: "அடுத்து எப்ப வரணும்?"

"விதிப்படி அடுத்த மாசம். ஆனா நீங்க வாரம் ஒரு தடவை வந்தா நல்லது."

"யாருக்கு நல்லது?"

போலீஸ்காரர்கள் சும்மா கேட்கிற கேள்விகூட நெஞ்சில் நேராக வந்து நிற்கும். "ஆராய்ச்சிக்கு" என்றார் சிவக்கொழுந்து.

அன்று அவர் திரும்பிப் போன பேருந்தில் ஓட்டுநர் கிடையாது. பிரேக் போடும்போதெல்லாம் ஒரு பெண் குரல் மன்னிப்புக் கேட்கும். அன்று அது கேட்ட ஒவ்வொரு மன்னிப்புக்கும் அவர் தலையை ஆட்டி, "பரவாயில்லம்மா" என்றார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

வீடு மூன்றாவது மாடி. வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு. வாசலில் செருப்பு வைக்கிற பலகையின் கீழ்த் தட்டில் பரிதியின் நீல ரப்பர் செருப்பு அப்படியே கிடந்தது. வீடு கூட்டும்போது வசுமதி அதைச் சுற்றிக் கூட்டுவாள். அவரும் அதைத் தாண்டித்தான் தன் செருப்பைக் கழற்றுவார். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"வசு, இங்க வா. இதைக் கேளு."

செல்போனில் பதிந்துகொண்டு வந்திருந்தார். அதுவே விதிமீறல்தான். டக். சர்ர். டக். சர்ர். வசுமதி கையில் கரண்டியோடு நின்று கேட்டாள். முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"யாருங்க இது?"

விவரம் சொன்னார். சொல்லி முடித்ததும், "அவனேதானே?" என்றார்.

வசுமதி கீழே குனிந்து தரையைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். "மழை வர்ற மாதிரி இருக்கு, துணி எடுக்கணும்" என்று எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். வானத்தில் மேகம் என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை.

அழட்டும் என்று அவர் விட்டுவிட்டார். அன்று ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார். வசுமதி அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ரசம் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு தினம் சாயங்காலம் அந்தச் சத்தத்தைப் போட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். சிவக்கொழுந்து பேசுவார். அவன் பிரியாணிக் கதை, பரீட்சைக் கதை. வசுமதி பேச மாட்டாள். ஆனால் எழுந்து போகவும் மாட்டாள். சில நாள் அவளே, "அதைப் போடலையா?" என்று கேட்பாள். "அவனேதானே வசு?" என்று அவர் எப்போதாவது கேட்டால் குக்கர் விசில் அடித்துவிட்டது என்பாள், கதவை யாரோ தட்டுகிறார்கள் என்பாள். டாக்டர் ஹெப்சிபாவிடம் பயிற்சி எடுத்தவள் மாதிரி.

ரஞ்சிதம் வாரா வாரம் வந்தார். வரும்போது முறுக்கு கொண்டுவருவார். "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். அவருக்கும் பொழுது போகவேண்டி இருந்தது. வீட்டுக்காரர் பயப்படாத வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை என்றார். சிவக்கொழுந்து கூடத்துக்கு வெளியே வராந்தாவில் நாற்காலி போட்டுக்கொண்டு, "அந்தக் கடைசி வரைக்கும் போய்ட்டு வாங்க அக்கா" என்பார். அவர் போவார். வருவார். திரும்புகிற இடத்தில் 'சர்ர்' நீளும். அப்போது சிவக்கொழுந்து தலையைக் கவிழ்த்துக்கொள்வார்.

ஏழெட்டு வாரம் போயிருக்கும். ஒருநாள் ரஞ்சிதம் ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்தபோது, சேலையின் மேலாகவே தெரிந்தது. வலது முழங்கால் இளநீர்க்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"எப்பலேருந்துக்கா?"

"பத்து நாளாச்சு. படி இறங்கறப்ப உள்ள மணல் அரைக்கிற மாதிரி இருக்கு. அதை விடு. உட்காரு தம்பி." விசாரணைக் குரல் வந்துவிட்டது. "சர்வீஸ்ல பொய் சொல்றவனை எல்லாம் பார்த்துட்டேன். கன்னத்துல அறைஞ்சா உண்மை வராது. பக்கத்துல உட்கார்ந்து முறுக்கு கொடுத்தா வரும். ரெண்டு மாசமா உனக்கு முறுக்கு கொடுக்கிறேன். சொல்லு. நான் நடக்கிறப்ப நீ என் முகத்தைப் பார்க்கிறதில்ல, முழங்காலைப் பார்க்கிறதில்ல. தரையைப் பார்த்து அழற. ஏன்?"

சொன்னார். லாரியிலிருந்து ஆரம்பித்து, சிவப்புக் கோடு வரைக்கும். சொல்லி முடித்துவிட்டு அடிக்காகக் காத்திருக்கிறவர் மாதிரி கன்னத்தைக் கொஞ்சம் காட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.

ரஞ்சிதம் தன் முழங்காலைப் பார்த்தார். பிறகு அதைத் தடவிக்கொடுத்தார். வேறு யாருடையதையோ தடவுவது மாதிரி இருந்தது.

"என்ன வயசு பையனுக்கு?"

"இருபத்திமூணு."

"ம்." கை முழங்கால்மேலேயே இருந்தது. "எனக்குப் பிள்ளை இல்ல. தெரியுமில்ல?"

"தெரியாதுக்கா."

"இருக்கட்டும். சொல்லாதே டாக்டர்கிட்ட. வலிதானே, நான் பார்த்துக்கறேன். ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டா படுத்துடும். நீ கேட்டுக்க. எவ்வளவு நாள் ஓடுதோ ஓடட்டும்."

சிவக்கொழுந்துக்கு அறை விழுந்தது போலத்தான் இருந்தது. உண்மையான அறையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார். முப்பது வருஷமாக முழங்கால்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரு ஆள், ஒரு முழங்காலை அரைத்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த முழங்கால்காரி, இன்னும் கொஞ்சம் அரைத்துக்கொள் என்கிறாள். பரிதியின் முகத்தை நினைத்துப் பார்த்தார். "என்னப்பா இது?" என்று கேட்பான். கண்டிப்பாகக் கேட்பான்.

"எழுந்திரிங்கக்கா" என்றார். "டாக்டர்கிட்ட போவோம்."

"வேணாம்னு சொன்னேன்ல?"

"நீங்க வேணாம்னு சொன்னதாலதான் போறோம்."

டாக்டர் ஹெப்சிபா எல்லாவற்றையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கழித்துப்போட்ட நடைகளை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டுப் பார்த்தார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உயிருள்ள மூட்டுல இந்த இழுப்பு ஒரு தப்பே இல்ல, கொழுந்து சார். அது மன்னிச்சிடும். உலோகம் மன்னிக்காது. பதியும்போது எங்களுக்கும் அது தோணல. உங்க தப்பு மட்டும் இல்ல. ஆனா இந்த ஆராய்ச்சியில இனிமே நீங்க இருக்க முடியாது."

"தெரியும் மேடம்."

"விசாரணை இருக்கலாம்."

"இருக்கட்டும் மேடம். ஒண்ணே ஒண்ணு. இது என் பையனோட நடைதானே?"

ஹெப்சிபா ஜன்னலைப் பார்த்தார். "யார் நடைங்கறது எனக்கே மறைக்கப்பட்ட விஷயம் சார். அவசரத்துக்கு மறைப்பை உடைச்சாலும் மனுஷ நடையா கம்ப்யூட்டர் நடையாங்கறதுதான் வரும், பேர் வராது. உங்க வீட்டு நடையா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வலது முழங்காலுக்கு வலது காலோட பதிவுதான் போகும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். அது உங்களுக்கே தெரிஞ்சதுதான்."

தெரிந்ததுதான். அவரே எழுதிக்கொடுத்த விதி. இந்த நேரத்தில் அதை ஏன் சொல்கிறார் என்று சிவக்கொழுந்து யோசிக்கவில்லை. இன்னொரு 'பார்த்துக்கிட்டு இருக்கோம் சார்' என்றே நினைத்துக்கொண்டார்.

"அந்தச் செல்போன் பதிவையும் அழிச்சிடுங்க" என்றார் டாக்டர், மெதுவாக. "நோயாளியோட தகவல் அது. நான் பார்க்க அழிக்கணும்."

அழித்தார். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று செல்போன் கேட்டது. அதுதான் அன்று அவரிடம் நேராகக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி. ஆமாம் என்பதைத் தொட்டார்.

நடையை அழிக்கிற கருவியை டாக்டர் எடுத்துவந்தபோது ரஞ்சிதம் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரு நிமிஷம் டாக்டரம்மா." ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். கடைசி வரைக்கும் நடந்தார். வலியில் உதட்டைக் கடித்திருந்தார். டக். சர்ர். டக். சர்ர். கடைசியில் வேண்டுமென்றே மெதுவாகத் திரும்பினார். சர்ர்ர்ர். பாதி வழி வந்து நின்று, "இன்னொரு தடவை போகட்டுமா தம்பி?" என்றார்.

"போதும்க்கா" என்றார் சிவக்கொழுந்து. அவருக்குப் போதவில்லை.

அழித்து முடித்து எழுந்து நின்றபோது ரஞ்சிதத்தின் காலடியில் எந்தச் சத்தமும் இல்லை. பஞ்சு மாதிரி இருந்தது. யாருடையதும் அல்லாத நடை. தசை பழகப் பழகச் சொந்த நடை திரும்பி வந்தாலும் வரலாம் என்றார் டாக்டர். "வரட்டும். வீட்டுல ஒருத்தர் ரொம்பத் துளிர்விட்டுப் போயிருக்கார்" என்றார் ரஞ்சிதம். போகும்போது சிவக்கொழுந்தின் தலையில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். ஆசீர்வாதமா, குட்டா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து, மூன்று மாடியும் ஏறினார். கதவு திறந்திருந்தது. வசுமதி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சொல்லிட்டேன். அழிச்சிட்டாங்க" என்றார். "செல்போன்ல இருந்ததையும்."

அரிவாள்மனையில் காய் பாதியில் நின்றது.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்." வாசலிலேயே, செருப்புப் பலகைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அந்த அம்மாவோட காலு போயிடும் வசு. வேற வழி இல்ல. அவனைக் கொண்டுபோய் ரெண்டாவது தடவையும் விட்டுட்டு வந்துட்டேன். இப்பவாவது நேராச் சொல்லு. மழை வருது, குக்கர் அடிக்குதுன்னு சொல்லாதே. அது அவன்தானே?"

வசுமதி அரிவாள்மனையை மடக்கிச் சுவரோரம் தள்ளிவைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஒன்றரை வருஷமாக யாரும் தொடாத நீல ரப்பர் செருப்பைக் கீழ்த் தட்டிலிருந்து எடுத்தாள். இரண்டையும் கவிழ்த்து அவர் முன்னால் வைத்தாள்.

வலது செருப்பின் குதிகால் வாங்கியபோது இருந்த வரிவரியோடு அப்படியே இருந்தது. இடது செருப்பின் குதிகால் காகிதமாகத் தேய்ந்து, ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது.

"அவன் இழுக்கிறது இடது காலுங்க" என்றாள். "சின்னதுல நீங்க வேலை விட்டு வர்றப்ப எதிர்ல நின்னு பார்த்துப் பார்த்து அதே மாதிரி நடந்து பழகினான். எதிர்ல நின்னு பார்த்தானில்ல, அதான் கால் மாறிப்போச்சு. யாரைப் பார்த்துடா கத்துக்கிட்டன்னு நீங்க அவனைத் திட்டுவீங்க. எனக்குச் சிரிப்பா வரும்."

சிவக்கொழுந்து இடது செருப்பைக் கையில் எடுத்தார். முப்பது வருஷமாகக் கால்களை மட்டுமே பார்த்துச் சம்பளம் வாங்கியவர்.

"அப்ப அது..."

"அது பரிதி இல்லைங்க. நீங்க. முழங்கால் கெட்டுப்போறதுக்கு முன்னாடி, மூணு மாடி ஏறி வருவீங்களே, அந்தச் சத்தம்."

"முதல் நாளே தெரியுமா?"

"கீழ கேட்டைத் திறக்கிறப்பவே அந்தச் சத்தத்தைக் காதுல வாங்கி உலை வச்சவ நான். தெரியாம இருக்குமா?"

"ஏன் வசு சொல்லல?"

அவள் வலது செருப்பை நிமிர்த்திப் பலகையில் வைத்தாள். இடது செருப்புக்காகக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"நீங்க சாப்பிட ஆரம்பிச்சிருந்தீங்க" என்றாள். "அப்புறம், எனக்கும் அதைக் கேட்கணும்போல இருந்தது."